பாதி மூடி மருந்து

எங்கள் வீட்டில் யாரும் எந்த மருந்தையும் முழுதாகச் சாப்பிட்டது கிடையாது. காய்ச்சல் மாத்திரையை நடுவில் உடைத்துப் பாதிதான் போடுவோம். டாக்டர் ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்தால், இரண்டாம் நாள் உடம்பு தேவலை என்று தோன்றியதும் மீதியை அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவோம். அடுத்த தடவைக்கு ஆகும். உடம்புக்குச் சூடு, வயிற்றைக் கெடுக்கும், பழகிவிடும் என்று அதற்கு நூறு காரணம் வைத்திருப்போம். என் கணவர் இருமல் மருந்தைக்கூட மூடியில் பாதி ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதிலும் கொஞ்சத்தைப் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றுவார். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு அலமாரியிலும் அந்த டப்பா இருக்கிறது என்று அடித்துச் சொல்வேன்.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடலாம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர் என்பதுதான் இடிக்கிறது. மருந்தடித்து அடித்துப் பூச்சிக்கு அது உறைக்காமல் போகிற கதையை இருபது வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். "மருந்து பூச்சியை மாத்துறதில்லப்பா. சாகாத பூச்சியாப் பார்த்துப் பொறுக்கி எடுத்து விட்டுவைக்குது. அதுங்க குட்டி போட்டா எல்லாமே சாகாத குட்டி" என்று சொல்லி, போர்டில் வெள்ளைச் சாக்பீஸால் பத்துப் பூச்சி வரைந்து எட்டை அழிப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால் என் வகுப்பில் யாரும் மார்க்கை விடமாட்டார்கள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று ஒரு பழமொழி உண்டு. இப்போதெல்லாம் அதை யாராவது சொன்னால் என்னைத்தான் சொல்கிறார்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

கோழி வளர்க்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து இருக்குமே, அதில் வலை அடித்து ஏழு நாட்டுக்கோழி விட்டேன். முதலில் சேவலும் இருந்தது. அது விடியற்காலை நாலு மணிக்குக் கூவி, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சார் அதை அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு தீர்மானமாகவே கொண்டுவந்துவிட்டார். தண்ணீர் லாரிக்கு வராத கூட்டமெல்லாம் சேவலுக்கு வந்தது. சேவலைக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு முட்டை உண்டு, குஞ்சு கிடையாது.

காலனி வாட்ஸ்அப் குரூப்பில் கோழிக்கு நான்தான் டாக்டர். யார் வீட்டுக் கோழி தும்மினாலும் எனக்குப் போட்டோ வரும். நானும் சளைக்காமல் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதுவேன். ஒரு தடவை, "கோழிக்குப் பூச்சி வருதுன்னா வளர்க்கிறவங்க சுத்தமா வச்சுக்கலன்னு அர்த்தம்" என்று எழுதினேன். அதற்குப் பதினாறு கட்டைவிரல் வந்தது. எண்ணிப் பார்த்தேன், அதனால்தான் தெரியும்.

கோழி விட்ட முதல் வருஷமே, ஐப்பசி மழைக்குப் பிறகு என் கோழிகளுக்கே வந்தது. முட்டை எடுக்கக் கையை விட்டபோது மணிக்கட்டில் ஏதோ குறுகுறுத்தது. மிளகுப்பொடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் பொடி நடந்தது. ஒரு கோழியைப் பிடித்து வாலுக்குக் கீழே இறகை விலக்கினேன். தோலே தெரியாமல் கறுத்துப் போய், இறகுத் தண்டெல்லாம் முட்டையும் அழுக்குமாக இருந்தது. செள்ளுப் பூச்சி. கோழியின் மேலேயே குடித்தனம் பண்ணி, அதன் ரத்தத்தையே குடித்து, அங்கேயே பிள்ளை பெறுகிற ஜாதி.

மேற்குத் தாம்பரத்தில் கால்நடை மருந்துக் கடையில் ஒரு பாட்டில் மருந்தும், தெளிக்கும் முறை போட்ட சீட்டும் கொடுத்தார்கள். ஸ்பிரேயர் நிறையத் தண்ணீருக்கு ஒரு மூடி. இறகை விலக்கித் தோல் நனையத் தெளிக்க வேண்டும். முட்டையிலிருந்து புதிதாக வரும் பூச்சியைக் கொல்ல, சீட்டில் போட்டிருக்கும் நாளில் மறுபடியும் தெளிக்க வேண்டும். அதுவரைக்கும் கோழி முட்டையைச் சாப்பிடக் கூடாது. எல்லாம் தமிழிலேயே அச்சடித்திருந்தது. முழுதாகப் படித்தேன். படித்துவிட்டுப் பாதி மூடி ஊற்றினேன்.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? விஷம்தானே, கோழி சின்ன உயிர்தானே, முட்டையை நாம்தானே தின்கிறோம். கை தானாகப் பாதியில் நின்றுவிட்டது. பாதி மூடிக்கே செள்ளு பொலபொலவென்று உதிர்ந்தது. "பார்த்தீங்களா, இதுவே போதும்" என்று கணவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். கண்ணில் எதுவும் படாததால் இரண்டாம் தடவை தெளிக்கவில்லை. மூன்று நாளில் முட்டையும் சாப்பிட ஆரம்பித்துவிட்டோம். ஒரு மாதம் கழித்துக் கண்ணில் பட்டது. மறுபடி பாதி மூடி. இப்படியே இரண்டு வருஷம் அரைக் கிணறு தாண்டிக்கொண்டிருந்தேன். பாட்டில் மாற்றிப் பாட்டில் வாங்கினேன், மூடியை மாற்றவில்லை. தடவைக்குத் தடவை உதிர்வது குறைந்ததை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார் என்று அவரைத் திட்டினேன்.

எங்கள் காலனிக்குப் பின்னால் ஏரிப் பக்கம் பழைய ஊர். அவர்கள் நெல் போட்ட இடத்தில்தான் நாங்கள் வீடு கட்டியிருக்கிறோம். அங்கே ஓர் அக்கா. என்னைவிட இரண்டு வயசு பெரியவர். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு பாதி நாள் வெளியூரில் இருப்பார். கீழே அக்கா குடும்பம், மாடியில் கொழுந்தன் குடும்பம். கொழுந்தனுக்கு மணல், ஜல்லி வியாபாரம். ஓரகத்தி சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அக்காவுக்குக் குழந்தை இல்லை. ஓரகத்திக்குப் பிரசவ லீவு முடிந்ததும், தினம் காலை ஏழரைக்குத் தன் பெண் குழந்தையை அக்காவின் இடுப்பில் ஏற்றிவிட்டுக் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவாள். அதிலிருந்து இருட்டும்வரை அக்காவின் இடுப்பில் குழந்தை, காலைச் சுற்றி இருபது கோழி. நான் பள்ளி விட்டு வரும்போது பார்ப்பேன். கோழியைக் கூப்பிட்டுக் காட்டிக் காட்டித்தான் குழந்தைக்குச் சோறு இறங்கும்.

அக்காவிடம் சேவல் இருந்தது, என்னிடம் அடைக்கு உட்காரும் கோழி இருந்தது. அடைக்கோழியை இரவல் கொடுப்பது அந்த ஊரில் பழக்கம். கோழி உன்னுடையது, முட்டை என்னுடையது. இருபத்தோரு நாள் என் வீட்டில் உட்காரும். குஞ்சுகள் தானாகப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்ததும் தாய்க்கோழி உன் வீட்டுக்குத் திரும்பிவிடும், குஞ்சில் பாதி உனக்கு. இதற்குப் பேரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. இரவல் வாங்க வருகிறவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி.

போன ஆவணியில் என் கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்தது. அன்று காலை அதைத் தூக்கித் தண்ணீர் காட்டும்போது என் முழங்கை வரைக்கும் செள்ளு ஏறியது. பாதி மூடி தெளித்து நாலு நாள்கூட ஆகியிருக்கவில்லை. சாயங்காலம் கூடையோடு அக்கா வந்தார். இடுப்பில் குழந்தை.

"இன்னா டீச்சர், கறுப்பி அடைல குந்திகினு கீதாமே? எங்கூட்டுல பதிமூணு முட்ட எடுத்து வச்சுகினு கீறேன்."

"எடுத்துட்டுப் போங்க அக்கா."

"செள்ளு கிள்ளு ஒண்ணும் இல்லியே? இடுப்புல கொழந்த கீது, அதான் கேக்குறேன்."

"மருந்து அடிச்சாச்சு அக்கா" என்றேன்.

தெளித்தது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன். பதினாறு கட்டைவிரல் வாங்கியவள், 'ஆமாம் அக்கா, இருக்கு, அடிச்சும் போகலை' என்று எப்படிச் சொல்வது? அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கறுப்பியைக் கூடைக்குள் வைத்தார். குழந்தை அதன் கொண்டையைப் பிடிக்கக் கையை நீட்டியது. நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அடையில் இருக்கும் கோழி வெளியே வந்து மண்ணில் புரளாது, இறகைக் கோதாது. ஒரே இடத்தில் சூடாக உட்கார்ந்திருக்கும். செள்ளுக்கு அதைவிட நல்ல வீடு அமையாது. பத்தாம் நாள் அக்கா வந்தார்.

"டீச்சர், கறுப்பிக்குக் கொண்ட வெளுத்துப் பூட்ச்சு. கூடையில கைய வச்சா சரசரன்னு ஏறுது. நொச்சித் தழ போட்டேன், சாம்பல் கொட்டினேன், ஒண்ணுத்துக்கும் அடங்கல. ஒரே பேஜாரா கீது."

பாட்டிலைக் கொடுத்தேன். "பாதி மூடி போதும்" என்றேன். மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார், ஒன்றும் ஆகவில்லை என்று. "அப்ப முழு மூடி அடிங்க" என்றேன். முழு மூடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷம் என் வீட்டுச் சந்தில் பாதி மூடியைத் தின்று கொழுத்த பூச்சிக்கு முழு மூடி எந்த மூலைக்கு?

பதினாறாம் நாள் கறுப்பி முட்டையை விட்டு எழுந்துவிட்டது. எழுந்ததும் நிற்க முடியாமல் கூடைக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டதாம். பதிமூன்று முட்டையும் ஆறிப்போனது. உள்ளே குஞ்சு உருவாகி, மூக்கும் நகமும் தெரிகிற பருவம். அக்கா ஒன்றிரண்டை உடைத்துப் பார்த்துவிட்டு, மற்றதை உடைக்க மனசில்லாமல் முருங்கை மரத்தடியில் புதைத்தார். அதற்குள் அவருடைய எல்லாக் கோழிக்கும் பரவியிருந்தது.

அடுத்து குழந்தை. கழுத்திலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. தோல் டாக்டர் பார்த்த உடனேயே வீட்டில் கோழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். களிம்பு போட்டதில் தடிப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. வீட்டில் எழுந்த பேச்சு அடங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தன் பைக்கில் என் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், நீங்க ஒரு தபா வந்து பாத்துச் சொல்லிடுங்க. எங்க அண்ணி நாங்க இன்னா சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்குறாங்க. நீங்க படிச்சவங்க, சொன்னா கேப்பாங்க."

போனேன். போகும்போது நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. கோழிக் கொட்டகைக்கு வெளியே ஓரகத்தி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈரக் கையோடு, அக்கா தனியாக நின்றார். நான் உள்ளே குனிந்து, கோழிகள் உட்காரும் கழியை விரலால் தடவிப் பார்த்தேன். விரலில் ஏறியது. என் வீட்டுச் சரக்கு என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

"எப்டி வந்துது டீச்சர்?" என்று கேட்டார் கொழுந்தன்.

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் வகுப்புக் குரலை எடுத்தேன். "பழைய மரம் பாருங்க, இடுக்குல தங்கியிருக்கும். வாராவாரம் சுத்தம் பண்ணியிருந்தா வந்திருக்காது. அப்புறம், கோழியைத் தொட்ட கையோட குழந்தையைத் தூக்கவே கூடாது."

"நான் தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா அக்கா?" என்று ஓரகத்தி அக்காவைப் பார்த்துக் கத்தினாள். "எவ்ளோ அழுக்கு! குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

அக்கா என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. நான் இன்னும் பேசி முடிக்கவில்லை, மீதியையும் சொல்லப் போகிறேன் என்று காத்துக்கொண்டிருப்பவர் மாதிரி பார்த்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த வாரமே கொட்டகையைப் பிரித்தார்கள். கோழிகளைக் காலைக் கட்டி ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் கார் நிறுத்தச் சிமெண்ட் போட்டார்கள். குழந்தையை ஓரகத்தி பம்மலில் இருக்கும் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டாள். வாரம் முழுக்கத் தானும் அங்கேயே இருந்து வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழந்தையை இங்கே கூட்டிவருவாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கறுப்பியை மட்டும் அக்கா ஆட்டோவில் ஏற்றவில்லை. நான் பள்ளியில் இருந்த நேரம் பார்த்து, என் கேட்டுக்குள் ஒரு கூடையைக் கவிழ்த்து, அதற்குள் கறுப்பியையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். இரவல் வாங்கியது திரும்பி வர வேண்டும் அல்லவா? இரண்டு நாளில் அது செத்தது.

என் மற்ற கோழிகளும் வெளுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குக் கால்நடை டாக்டர் ஞாபகம் வந்தது. ஒரு கோழியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். டாக்டர் சின்னப் பெண், என்னிடம் படித்தவள் என்று சொல்லக்கூடிய வயசு. இறகை விலக்கிப் பார்த்துவிட்டு, என்ன மருந்து என்று கேட்டாள். சொன்னேன்.

"எவ்வளவு கலந்தீங்க மேடம்?"

"சீட்டுல போட்ட அளவுதான்."

"ரெண்டாவது தடவை சரியான நாள்ல அடிச்சீங்களா?"

"அடிச்சேனே."

அதே மருந்தை முழு அளவில் கலந்து ஒரு காகிதத்தில் நனைத்துக் காயவைத்து, சின்னக் குப்பிக்குள் போட்டாள். கோழியிடமிருந்து கொஞ்சம் செள்ளை அதற்குள் உதிர்த்துப் பஞ்சால் அடைத்தாள். "நாளைக்கு வாங்க" என்றாள். மறுநாள் போனதும் குப்பியை என் கையில் கொடுத்தாள். எல்லாம் உயிரோடு அந்தக் காகிதத்தின் மேல் நடை பழகிக்கொண்டிருந்தன.

"மேடம், நான் திட்ட மாட்டேன். கம்மியா அடிச்சீங்களா?"

"பாதி மூடி" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"முழுக்க உங்களாலன்னு சொல்ல முடியாது. வர்றப்பவே இதுங்களுக்குக் கொஞ்சம் பழகியிருக்கலாம். ஆனா நோஞ்சானை மட்டும் கொன்னுட்டு, தாங்குறதை எல்லாம் நீங்களே விட்டுவச்சு வளர்த்திருக்கீங்க. புரியுதா மேடம்?" மேஜையில் கிடந்த சீட்டைத் திருப்பிப் போட்டு, பேனாவால் பத்துப் புள்ளி வைத்து, அதில் எட்டை அடித்துக் காட்டினாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"டீச்சர்."

"என்ன சப்ஜெக்ட்?"

"தமிழ்" என்றேன்.

வேறு வகை மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தாள். அளவையும் நாளையும் அடிக்கோடு போட்டுக் கொடுத்தாள். கூட்டில் பழைய வைக்கோலை எல்லாம் எடுத்து எரிக்கச் சொன்னாள். கிளம்பும்போது, "இதுல வேற யாருக்காவது கோழி கொடுத்தீங்களா? அவங்களுக்கும் சொல்லிடுங்க. அந்தப் பழைய மருந்து அவங்க வீட்டுலயும் வேலை செய்யாது" என்றாள். யாருக்கும் கொடுக்கவில்லை என்றேன். இரண்டு நாளில் அந்த ஒரு மேஜைக்கு முன்னால் நான் சொன்ன நாலாவது பொய் அது.

புது மருந்தை முழு அளவு தெளித்தேன். சொன்ன நாளில் மறுபடியும் தெளித்தேன். கோழிகள் பிழைத்துக்கொண்டன. நான்தான் தேறவில்லை. அந்த மாதம் வகுப்பில் அதே பாடம் வந்தது. போர்டுப் பக்கம் திரும்பினேன், சாக்பீஸை எடுத்தேன், வரைய வரவில்லை. "இதை நீங்களே படிச்சுக்குங்க, ஈஸிதான்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "விடு, கொட்டகையை அவங்க எப்படியும் எடுத்திருப்பாங்க. நீ சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார். அதையும் ஒரு மாதம் நம்பிப் பார்த்தேன். பள்ளிக்கு ஏரிக்கரை வழியாகப் போவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு மெயின் ரோடு வழியாகப் போனேன்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம், பள்ளியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். தைரியம் வந்து போகவில்லை. மழையில் மெயின் ரோட்டில் முழங்கால் தண்ணீர், வேறு வழி இல்லை. ஏரிக்கரை வழியில் போனால் அக்கா கண்ணில் படாமல் தப்ப முடியாது. வாசலில் சிமெண்ட் தரையில் கார் நின்றது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். நனஞ்சிகினு வரீங்களே."

உட்காரவில்லை. குடையைக்கூட மடக்கவில்லை. "அக்கா, அந்தச் செள்ளு என் வீட்டுலேருந்து வந்தது. கறுப்பியைக் கொடுக்கும்போதே எனக்குத் தெரியும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அக்கா கீரை உருவுவதை நிறுத்தவில்லை. "தெர்யும் டீச்சர். தூக்கினு வர்றப்பவே கையில ஏறிச்சு."

"பின்ன ஏன் அக்கா அடைக்கு வச்சீங்க?"

"நீங்கதான் மருந்து அடிச்சாச்சுன்னு சொன்னீங்களே. அந்த மருந்துல செத்துடும்னு இருந்தேன். என் கண்ணுல பட்டத விட டீச்சர் சொல்றது கரீட்டா இருக்கும்னு நெனச்சிக்கினேன்."

"அன்னிக்கு உங்க கொழுந்தன் முன்னாடி நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா எடுபடுமா? நீங்க சொல்வீங்கன்னுதான் பாத்துகினு நின்னேன்."

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன், எனக்கு வாய் நீளம். அவர் சாதாரணமாகச் சொன்னார். வெட்கத்தில் எனக்குக் காது மடல் சுட்டது. அந்த மழைத் தண்ணீரில் அப்படியே போய்விட்டால் நல்லது என்று இருந்தது. "கோழி வாங்கிக் கொடுத்துடறேன் அக்கா. சேவலும் சேர்த்து" என்றேன்.

"கோழி போனா போவுது, உடுங்க." கீரைத் தண்டைக் கீழே வைத்தார். "எனுக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க டீச்சர். அந்தப் பொண்ணாண்ட சொல்லுங்க, நான் அழுக்கு இல்லன்னு. ஞாயித்துக்கெழமைதான் கொழந்தய இட்டாறாங்க. வந்தாலும் மாடிலயே வச்சுக்கிறா. நானும் கைய கழுவிகினு படியாண்ட போயி நிக்கிறேன். குடுக்க மாட்டேங்குறா."

கையை நீட்டிக் காட்டினார். சோப்பு போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைவலி வந்துவிட்டது. வரவழைத்துக்கொண்டேன் என்று சொன்னால்தான் சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மாடி ஹாலில் கொழுந்தனும் ஓரகத்தியும் இருந்தார்கள். அக்காவைக் கீழேயிருந்து கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து வாசற்படியிலேயே நின்றார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி மூடி, இரண்டு வருஷம், கறுப்பியின் மேல் பூச்சி இருந்தது, அக்கா கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். கொட்டகையில் நின்று நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். "அக்கா மேல ஒரு தப்பும் இல்லை. சுத்தமில்லாதது என் வீடு" என்றேன்.

கொழுந்தன் சங்கடத்தோடு சிரித்தார். "உடுங்க டீச்சர், எப்டியும் காருக்கு எடம் வேண்டிதான் இருந்துச்சு."

ஓரகத்தி சிரிக்கவில்லை. "அன்னிக்கு எங்க முன்னாடி வேற மாதிரி சொன்னீங்களே ஆன்ட்டி."

"ஆமாம்மா."

"உங்க பேச்சை நம்பி நான் அக்காவை என்னென்ன சொல்லிட்டேன் தெரியுமா? மூணு மாசமா குழந்தையைக் கண்ணுல காட்டாம வச்சிருக்கேன்." என்னை இன்னும் நாலு கேள்வி கேட்பாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவள் கேட்கவில்லை. உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை வளர்ந்திருந்தது, கீழே இரண்டு பல். நேராக வாசற்படிக்குப் போய், "அக்கா, வாங்கிக்கோங்க" என்று நீட்டினாள்.

அக்கா இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தார். ஒரு தடவை துடைத்துவிட்டு, இன்னொரு தடவையும் துடைத்தார். பிறகு நீட்டினார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. சட்டென்று திரும்பி அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டது.

"அடி, பெரியம்மாடி" என்று ஓரகத்தி மறுபடி திருப்பிக் காட்டினாள். அது இன்னும் உச்சத்தில் அலறிக்கொண்டு, தெரியாத ஆளைத் தள்ளுவது போல் அக்காவின் கையைக் காலால் உதைத்தது. கொழுந்தன் கிலுகிலுப்பையைத் தேடப் போனார். அக்காவின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. பிறகு மெதுவாக இறங்கியது.

"பழகிக்கும் டீச்சர், கொழந்ததானே" என்றார் என்னைப் பார்த்து. ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். அவர் சொன்னதை வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்தேன்.